சாவடிப் பிரிவு மரத்துக்கு வெச்ச பேரு

வேண்டாங்க தம்பி, சன்னல் சீட்டுல நீங்களே உக்காருங்க. எனக்கு அந்தப் பக்கம் ஒத்துக்காது. காத்துக்குச் சொல்லலீங்க. வழியில ஒரு எடம் வருது, அதைப் பாக்க எனக்குப் புடிக்கல. சாவடிப் பிரிவு தாண்டற வரைக்கும் இப்படி உள்பக்கமா உக்காந்துக்கறேன். அதுக்கு அக்கட்ட நாலு கிலோமீட்டர்ல என்ற ஊரு வந்துரும், எறங்கிக்குவேன்.

அட, எதுக்குங்க போனை எடுத்து வெளிய நீட்டறீங்க? மரமா? போயிருச்சு பாருங்க. ஓடற பஸ்ல இருந்து எடுத்தா அதுல என்ன வரும்? பச்சையா ஒரு இழுப்பு வரும், சன்னல் கம்பி வரும், உங்க வெரல் பாதி வரும். அதை நாளைக்கு எதாச்சும் குழுவுல போட்டு, "நண்பர்களே இது என்ன மரம்"னு கேப்பீங்க. கோவிச்சுக்காதீங்க தம்பி. அந்த மாதிரிப் படத்தைப் பாத்துப் பாத்து எனக்குக் குமட்டற அளவுக்கு வந்துருச்சு.

நான் நாச்சிமுத்துங்க. பாலிடெக்னிக்குல ஆபீஸ் சூப்பிரண்டா இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்தொரு வருசம் ஒரு பேப்பர் முன்பின்னா என்ற டேபிளைத் தாண்டிப் போனதில்ல. ரிட்டையர் ஆனதும் மரத்து மேல ஆசை வந்துச்சு. பொஸ்தகம் வாங்கிப் படிச்சேன், லத்தீன் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணேன். அப்பறம் வாட்ஸப்புல ஒரு குழு ஆரம்பிச்சேன். "இலை முதல் வேர் வரை"னு பேரு. நானூத்திப் பன்னெண்டு பேரு இருக்காங்க. படத்தைப் போட்டா நான் மரத்தோட பேரைச் சொல்லுவேன். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதான்னு சொல்றேன், அதுக்குள்ள என்னென்ன கருமத்தையெல்லாம் பாத்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது. ஒருத்தன் பழத்தைக் கடிச்சுட்டு மிச்சத்தைப் படம் எடுத்து அனுப்பறான். பல்லு பதிஞ்சிருக்குது, எச்சி மினுங்குது. இதைத் திங்கலாமான்னு கேக்கறான், தின்னு போட்டு. வெடியால எந்திரிச்சா நூத்தம்பது ரோசாப்பூ, காலை வணக்கம். கல்யாண மண்டபத்து வாசல்ல வெச்சிருந்த பிளாஸ்டிக் செடியை ஒரு அம்மா போட்டுச்சு. அதுக்கு முப்பத்தேழு பேரு முப்பத்தேழு பேரு வெக்கறாங்க. ஒருத்தருக்கும் அது பிளாஸ்டிக்குன்னு தெரியல. நான்தான் தொட்டியில ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பாத்துக் கண்டுபுடிச்சேன். படத்தைப் பெருசு பண்ணிப் பாக்கணுமுங்க. அது எல்லாருக்கும் வராது.

அதனால விதி போட்டேன். அஞ்சு படம் வேணும். மரம் முழுசா ஒண்ணு, பட்டை ஒண்ணு, எலை முன்பக்கம், எலை பின்பக்கம், பூவோ காயோ ஒண்ணு. பக்கத்துல ஸ்கேலு வெச்சிருக்கணும். குரல் பதிவு கூடாது. அட்மின் பேரைச் சொல்லிப் பச்சை டிக் போட்டாச்சுன்னா அதுக்கு மேல பேச்சு கெடையாது. படம் போட்ட இருவத்துநாலு மணி நேரத்துக்குள்ள அட்மின் பதில் சொல்லியாகணும். கடைசி விதி எனக்கு நானே போட்டது. ஆறு வருசமா ஒரு நாள் தவறுனதில்ல.

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். துளசிமணின்னு ஒரு பொம்பளை குழுவுல சேந்துச்சு. சாவடிப் பிரிவுல, ரோட்டோரத்துல ஒரு பெரிய மரத்தடியில வண்டி போட்டு இஸ்திரி போடறவங்க. அந்த ரோட்டை அகலப்படுத்தறாங்க பாருங்க, மரமெல்லாம் நம்பர் போட்டு லிஸ்ட் எடுத்தாங்க. வேம்பு, புளி, புங்கன்னு எழுதிட்டு வந்த காண்ட்ராக்ட் கம்பெனி ஓவர்சியரு, இந்த மரத்துக்கு மட்டும் பேரு தெரியாம நின்னுட்டாரு. ஆளு நல்லவருதான் போல. "நாட்டு மரம்னு யாராச்சும் தெரிஞ்சவங்க ஒரு லெட்டர் குடுத்தா இந்த வழியா வர்ற சாக்கடையை நாலடி தள்ளிக்கலாம்மா, சீமை மரம்னா வெட்டித்தான் ஆகணும்"னு சொல்லியிருக்காரு. துணி குடுக்க வந்த யாரோ ஒரு அம்மாகிட்ட இந்தச் சங்கதியெல்லாம் சொல்லி டைப் அடிச்சு வாங்கி, குழுவுல போட்டிருந்தாங்க. கடைசி வரி, "ஐயா இந்த நெழல் போச்சுன்னா நான் வெயில்ல நெருப்புப் போட்ட இஸ்திரிப் பெட்டியைப் புடிச்சுட்டு நிக்கணும், பாத்துச் சொல்லுங்க."

அது கூடப் பரவாயில்ல. படம் இருக்குது பாருங்க, படம். ஒரே ஒரு படம். மரத்தோட அடிப்பக்கம் மட்டும். மேல எலையே இல்ல, மொட்டையா நிக்குதாம், எட்டவும் எட்டாதாம். கீழே பாத்தா டீ குடிச்ச பேப்பர் கப்பு, பாக்குப் பொட்டலம், எவனோ செவப்பாத் துப்புன எச்சி, காஞ்ச சருகு. அதுக்கு நடுவுல ஆட்டுப் புழுக்கை மாதிரி என்னமோ உருண்டை உருண்டையா எறைஞ்சு கெடக்குது. நான் அப்பத்தான் இட்லியைப் பிட்டு வாயில வெக்கப் போனேன். தட்டைத் தள்ளி வெச்சுட்டேன். ஒரு சபையில நானூறு பேருக்கு முன்னால கொண்டாந்து வெக்கற படமாங்க அது?

எழுதினேன். "அம்மா, இது குப்பைத்தொட்டி அல்ல. இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு விதிப்படி படம் அனுப்பவும்." முப்பது பேரு கை தட்டுனாங்க.

சாயங்காலமே அனுப்பிட்டாங்க. அதை ஒத்துக்கணும். சுத்தமாக் கூட்டி, தண்ணி தெளிச்சு, ஒரு சருகு இல்லாம, அந்த உருண்டை ஒண்ணு இல்லாமக் கூட்டித் தள்ளிட்டு எடுத்திருந்தாங்க. பட்டை ஒண்ணு, மரம் முழுசா ஒண்ணு. எலைக்கும் பூவுக்கும் ஒண்ணும் இல்ல. அதுக்குப் பதிலா ஒரு குரல் பதிவு. பாருங்க, எத்தனை தடவை சொல்றது? குரல் பதிவு கூடாதுன்னா கூடாது. கேக்காமலே அழிச்சேன்.

ஆனா நான் சும்மா வுடற ஆளில்ல. முழுசா இருந்த படத்தைப் பெருசு பண்ணேன். நெம்பப் பெருசு பண்ணேன். ஆளு ஒசரத்துல, தண்டோட ஒட்டி, ஒரு கொத்து மஞ்சப்பூ. அதோட ஈர்க்கு ஈர்க்கா எலை. படம் கொஞ்சம் கலங்கலாத்தான் இருந்துச்சு, ஆனா கண்ணு பழகுனவனுக்கு அது போதும். பக்கத்துலயே வெள்ளை வெள்ளையாப் பஞ்சு மாதிரி படிஞ்சிருந்துச்சு. பூஞ்சை. மரம் மொட்டையா நிக்கறதுக்குக் காரணமும் கெடைச்சுப்போச்சு.

மஞ்சள் கொன்றை. சீமைச் சரக்கு. மலைக்காட்டையெல்லாம் தின்னு அழிக்குதே, அதே சாதி. பச்சை டிக் போட்டேன். நூத்திப் பதினாறு பேரு வெரலை ஒசத்துனாங்க.

லெட்டரும் எழுதுனேன். என்ற லெட்டர் பேடுல, "மர ஆய்வாளர்"னு சீல் வெச்சு, ஓவர்சியர் நம்பரைத் தேடிப் புடிச்சு நானே அனுப்பி வெச்சேன். "மேற்படி மரம் அயல்நாட்டுக் களை இனம், மேலும் பூஞ்சை நோய் தாக்கியது, அகற்றுவதே நலம்." யாரு செய்வாங்க இவ்வளவு? ஒரு இஸ்திரிக்காரப் பொம்பளை கேட்டதுக்கு ஓசியில ஒரு லெட்டரு, நாலு நாளு மெனக்கெட்டு. அனுப்பறதுக்கு முன்னால என்ற வூட்டுக்காரிகிட்டப் படத்தைக் காட்டுனேன், சும்மா பெருமைக்கு. ராமாத்தா அரிவாமனையில இருந்து எந்திரிக்காமலே எட்டிப் பாத்துட்டு, "நம்ம கேட்டுல தொங்கறதாட்டவே இருக்குதுங்களே"ன்னா. எனக்கு எரிச்சல் வந்துருச்சு. லத்தீன்ல பேரு இருக்கற மரத்தைப் பத்திப் பேசறப்ப எவளாச்சும் கேட்டைப் பத்திப் பேசுவாளாங்க?

தம்பி காங்கயத்துக்காரர்தானே? அப்பத் தெரிஞ்சிருக்கும். தெரியலைன்னாலும் சொல்றேன். பொங்கலுக்கு மொத நாளு நம்ம பக்கம் காப்புக் கட்டறது. வேப்பங்கொத்து, மஞ்சளா ஆவாரம்பூ, பஞ்சாட்ட வெள்ளையா பூளைப்பூ, மூணையும் சேத்து முடிஞ்சு, வாசல்ல, கட்டுத்தறியில, கெணத்து மேட்டுல, தோட்டத்துல கட்டுவோம். நானும் கட்டுனேன் அன்னைக்கு. என்ற கையாலயே கட்டுனேன், கேட்டுல.

அந்தப் பொம்பளைக்கு வாசலு ஏது, கட்டுத்தறி ஏது? மரத்துல கட்டியிருக்காங்க.

பாருங்க, இதுக்குத்தான் சொல்றேன். மரத்தைப் படம் எடுக்கறவங்க மரத்துல கண்டதைக் கட்டி வெச்சா எவனுக்குத் தெரியும்? கலர் துணி கட்டறது, ஆணி அடிக்கறது, மஞ்சத்தண்ணி ஊத்தறது. மரத்தை மரமா வுட மாட்டாங்க நம்ம சனங்க. பாத்தாலே பத்திட்டு வரும் எனக்கு.

பச்சை டிக் போட்ட பொறவும் அந்தம்மா வுடல. மறுபடியும் குரல் பதிவு. விதி விதிதானேங்க. குழுவுல இருந்து நீக்கிட்டேன். அதுக்கப்பறம் என்ற நம்பருக்கே அனுப்ப ஆரம்பிச்சாங்க. ஒண்ணு, ரெண்டு, மாசி மாசத்துல மூணு. நான் தொறக்கல. டைப் அடிக்காம வாயில பேசி அனுப்பறது எனக்கு ஆகவே ஆகாது. பின்னால லாரி ஹாரன், எவனோ இருமறான், கோழி கத்துது. காதுக்குள்ள ஆருவூட்டு அழுக்கையோ கொண்டாந்து கொட்டுன மாதிரி இருக்கும்.

என்ன கேக்கறீங்க? நேர்ல போயிருக்கலாமேன்னா?

தம்பி, எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க. ராமாத்தா கேட்டா, இப்ப நீங்களும் கேக்கறீங்க. நாலு கிலோமீட்டர்தான். இந்த பஸ்ஸு அந்த மரத்தடியிலதான் நின்னுட்டு வரும். வாரம் ரெண்டு தடவை நான் அது வழியாத்தான் டவுனுக்குப் போறேன், வர்றேன். பஸ்ஸு நிக்கற அந்த ரெண்டு நிமிசத்துலதான் நான் குழுவைப் பாப்பேன். அந்த நேரத்துக்குத்தான் டவரு நல்லா கெடைக்கும். படத்தை வெச்சுப் பேரு சொல்றதுதானுங்க குழுவோட நோக்கமே. ஒவ்வொரு மரத்தையும் நேர்ல போய்ப் பாக்கறதுன்னா அதுக்கு எதுக்குங்க குழு?

பங்குனியில வெட்டிட்டாங்க. எனக்குத் தெரியாது. பஸ்ஸுல போறப்ப ஏதோ வெளிச்சம் சாஸ்தியா அடிக்குதேன்னு போனை மறைச்சுப் புடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். அன்னைக்குச் சாயங்காலம் அந்தம்மாகிட்ட இருந்து படம் வந்துச்சு. அஞ்சு படம். குரல் பதிவு இல்ல. அதனால தொறந்தேன்.

நான் ஆறு வருசமாக் குழு நடத்தறேன் தம்பி. அந்த மாதிரி அஞ்சு படம் ஒருத்தரும் அனுப்புனதில்ல.

மரம் முழுசா ஒண்ணு, படுத்த வாக்குல. பட்டை ஒண்ணு. எலை முன்பக்கம், அப்பத்தான் துளுத்த எலை, செம்பு நெறத்துல. எலை பின்பக்கம், நரம்பு நரம்பாத் தெரியுது. அஞ்சாவதுல பூவும் காயும். பூவு மஞ்சளும் இல்ல ஒண்ணும் இல்ல, வெளுப்பா, கதிரு கதிரா. காயி எட்டு வெச்சிருந்தாங்க, சாம்பக் கலர்ல, வெல்வெட்டுத் துணி போத்துன மாதிரி, முந்துன பருவத்துல விழுந்ததை எடுத்து வெச்சிருந்திருக்காங்க. எல்லாத்துக்கும் பக்கத்துல மரஸ்கேலு, நேரா, கோணாம. கீழே வெள்ளைத் துணி விரிச்சு, அதையும் இஸ்திரி போட்டு விரிச்சிருக்காங்க, ஒரு சுருக்கம் இல்ல. ஒரு குப்பை இல்ல.

கீழே நாலு வரி டைப் அடிச்சிருந்துச்சு. எழுத்துக்கு எழுத்து தப்பு, அவங்களே அடிச்சது போல. "ஐயா விதிபடி எல்லாம் எடுத்துருக்கேன். முன்ன எனக்கு எட்டலைங்க. இப்ப எல்லாம் கைக்கு எட்டுது. இது என்ன மரம்னு சொல்லுங்க ஐயா."

காயைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. பெருசு பண்ணிக்கூடப் பாக்கல. தான்றிங்க. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய்னு மூணும் சேத்து இடிக்கறாங்களே திரிபலா, அந்தத் தான்றி. சுத்தமான நாட்டு மரம். நான் பதினோரு வருசமா வெடியால வெறும் வயித்துல சுடுதண்ணியில அதைக் கலக்கிக் குடிக்கறவன். டவுனுல நாட்டு மருந்துக் கடையில நானே நின்னு, காய் காயாப் பொறுக்கி, பூச்சி இல்லாம வாங்கியாருவேன். கையில புடிச்சுப் பாத்தே நல்ல காயா சொத்தைக் காயான்னு சொல்லிருவேன். கடைக்காரரே ஆச்சரியப்படுவாரு. அது எங்க மொளைக்குது, எந்த மரத்துல காய்க்குதுன்னு மட்டும் ஒரு நாளும் பாத்ததில்ல.

மொதப் படத்தைத் தேடி எடுத்தேன். அந்தக் குப்பைப் படம். அழிக்காம இருந்துச்சு. பெருசு பண்ணேன். பேப்பர் கப்புக்குப் பக்கத்துல, எச்சிக்கு இந்தண்ட, நான் புழுக்கைன்னு நெனைச்சது. எண்ணிப் பாத்தேன், பதினாலு. அதைத்தான் கூட்டித் தள்ளச் சொல்லியிருக்கேன்.

அதுக்கப்பறந்தான் குரல் பதிவையெல்லாம் கேட்டேன். ராமாத்தா கோயிலுக்குப் போனதும் கேட்டேன். என்ற நம்பருக்கு வந்த மொத பதிவு இருக்குது பாருங்க, அதுல பின்னால லாரி சத்தம், கோழி சத்தம், நான் சொன்னேனே, எல்லாம் இருந்துச்சு. அதுக்கு நடுவுல அந்தம்மா நெம்ப மரியாதையாப் பேசுறாங்க.

"ஐயா, வணக்கமுங்க. நான் இஸ்திரிக்கடைத் துளசிமணிங்க. அந்த மஞ்சப்பூ மரத்துப் பூ இல்லீங்கையா. பொங்கலுக்கு நான் கட்டுன காப்புங்க. எல்லாரும் வூட்டுக்குக் கட்டுவாங்க, எனக்கு இதுதானுங்களே கூரை, அதனால இதுக்குக் கட்டுனனுங்க. ஒருக்கா வந்து பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரிஞ்சுருமுங்க. ஈரோட்டு பஸ்ஸு இங்கதானுங்க நிக்கும்."

மத்த பதிவெல்லாம் இதேதான். கடைசியில ஒண்ணு மட்டும் வேற மாதிரி. மரம் துளுக்க ஆரம்பிச்சிருச்சாம். பூஞ்சைன்னு எழுதியிருந்தீங்களாமே, ஒண்ணும் இல்லீங்கையா, நல்லாத்தான் துளுக்குதுன்னு சொல்றாங்க. சந்தோசமாச் சொல்றாங்க தம்பி. அதைத்தான் என்னால தாங்க முடியல.

அன்னையில இருந்து அந்தச் சூரணம் எறங்க மாட்டேங்குது. டம்ளரை வாய்கிட்டக் கொண்டு போனாலே ஓங்கரிச்சுட்டு வருது. டாக்டரைப் பாத்துட்டுத்தான் இப்ப வர்றேன். வயித்துல ஒண்ணும் இல்லைங்கறாரு. அவருக்கு என்ன தெரியும், தொட்டுக்கூடப் பாக்கல, கம்ப்யூட்டரைப் பாத்துட்டே சொல்றாரு. இந்தக் காலத்துல எவன் ஆளைப் பாத்து வைத்தியம் பண்றான்?

குழுவுல இதெல்லாம் ஒருத்தருக்கும் தெரியாதுங்க. நேத்து ஒருத்தன் என்னைப் பாராட்டி மாலை போட்ட மாதிரி படம் போட்டிருந்தான். "ஐயா கண்ணுக்கு எந்த மரமும் தப்பாது"ன்னு. அதுக்கு நூத்தி நாப்பது வெரலு. பாத்ததும் போனைத் தூக்கி எறியலாம்னு வந்துச்சு. அருவருப்பா இருந்துச்சு தம்பி, மேலெல்லாம் ஏதோ ஊர்ற மாதிரி. எவனாச்சும் ஒருத்தன், அந்த நானூறு பேருல ஒருத்தன், ஐயா அது ஆவாரம்பூவுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அத்தனை பேரும் காப்புக் கட்டுனவங்கதானே?

சொன்னா நீக்கிருவேன்னு பயந்திருப்பானுங்க. அதுவும் சரிதான்.

இருவத்துநாலு மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லணும்னு விதி இருக்குது, சொன்னேனுங்களே. அந்த அஞ்சு படம் வந்து இன்னையோட பதினோரு நாளாச்சு. பேரு மூணு எழுத்துதான். டைப் அடிச்சு வெச்சிருக்கேன், இங்க பாருங்க, அனுப்பற அம்புக்குறியை அமுத்துனாப் போயிரும். வெரலு போக மாட்டேங்குது. நீக்குனவங்களைத் திரும்பச் சேக்கறதுக்கு எங்க குழுவுல விதி இல்ல. அதை எழுதாமயே வுட்டுட்டேன்.

வளைவு திரும்பிருச்சா? பிரேக் புடிக்கறான், அப்ப சாவடிப் பிரிவுதான். வெளிச்சம் அடிக்குது பாருங்க மூஞ்சியில. முன்னெல்லாம் இந்த எடத்துல பஸ்ஸுக்குள்ளயே இருட்டின மாதிரி இருக்கும்.

தம்பி, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அந்தப் பக்கம் ஒரு இஸ்திரி வண்டி நிக்குதான்னு பாருங்க. நிக்குதா, சரி. அந்தம்மா இருக்காங்களா? தலைக்கு ஏதாச்சும் போட்டிருக்காங்களா, சும்மா வெயில்லயேதான் நிக்கறாங்களா?

போனை எதுக்குங்க எடுக்கறீங்க, உள்ள வெய்யுங்க. படம் வேண்டாம். கண்ணால பாத்துச் சொல்லுங்க.